மேல்வரிசையில் இருப்பவருக்கு என்ன தெரிகிறது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதல் ஷோவுக்கு நீ எழுதியிருக்கும் தீம் விளக்கம் தெளிவாகவே இருக்கிறது. நினைவு, இழப்பு, மீட்சி என்று மூன்று பகுதிகள்; பகுதிக்கு ஒரு நிறம்; மைதானத்தின் நடுவே ஒரு கதவு. இரண்டு பக்கத்தையும் படித்து முடித்தால் எல்லாம் விளங்கிவிடுகிறது. ஆனால் டிரம் கோர் பார்க்க வருகிறவர் கையில் அந்த இரண்டு பக்கம் இருக்காது, பாப்கார்ன் இருக்கும். அவருக்கு என்ன புரியும் என்பதைப் பற்றி உன் விளக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

டெக்ஸாஸிலும் நியூஜெர்சியிலும் நம் பிள்ளைகள் ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டில் வாசிக்கத் தொடங்கி வெகுகாலமாகிறது. ஆனாலும் டிரம் கோர் என்றால் என்னவென்று நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. பிராஸ் வாத்தியங்கள், தாள வாத்தியங்கள், கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றும் கலர் கார்டு ஆகிய மூன்றும் சேர்ந்து, அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் 12 நிமிடத்துக்குள் நிகழ்த்தும் போட்டிக் கலை இது. கிளாரினெட், ஃப்ளூட் எல்லாம் கிடையாது. பெரிய கோர் என்றால் 150 பேருக்குக் குறையாது. 21, 22 வயதோடு வாய்ப்பு முடிந்துவிடும். கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போவார்கள், பள்ளிக்கூட ஜிம் தரையில் படுப்பார்கள், வெயிலில் ஒத்திகை பார்ப்பார்கள், இரவில் போட்டியில் இறங்குவார்கள். ஆகஸ்டில் இண்டியானாபோலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் இறுதிப்போட்டி.

தொடக்கத்தில் தீம் என்ற பேச்சே இல்லை. அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள் நடத்திய போட்டிகள் அவை. சீருடை, தேசியக்கொடி மரியாதை, நேர்கோட்டு நடை. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் சம்பந்தம் இருக்கவேண்டிய அவசியமில்லை. பிறகு 1971இல் காவலியர்ஸ் என்ற கோர் சர்க்கஸ் வேடத்தோடு வந்தது. மாடிசன் ஸ்கவுட்ஸ் என்ற இன்னொரு கோர் ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ கதையோடு வந்தது. மறு ஆண்டே கோர்கள் தங்களுக்கென்று தொடங்கிய டிரம் கோர் இண்டர்நேஷனல் (டி.சி.ஐ.) அமைப்பின் கீழ் விஸ்கான்சினில் உள்ள வொயிட்வாட்டரில் முதல் சாம்பியன் போட்டியை நடத்தின. அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. சர்க்கஸும் ஆலிஸும் யாரும் யாருக்கும் விளக்கவேண்டாத விஷயங்கள். தீம் ஷோவின் முதல் தலைமுறை அந்த வசதியில்தான் நடை பழகியது.

அந்த வசதி பிறகும் நெடுநாள் கைகொடுத்தது. 1984இல் கார்ஃபீல்ட் கேடட்ஸ் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யோடு வென்றார்கள். சாண்டா கிளாரா வான்கார்ட் ‘ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’வை 1988இல் எடுத்து இரண்டாம் இடம் பெற்று, மறு ஆண்டு அதையே மீண்டும் எடுத்து சாம்பியன் ஆனது. அந்த நாடகம் பிராட்வேயில் அரங்கேறியதே 1988 ஜனவரியில்தான். நாடகத்தைப் பார்க்காதவருக்குக்கூட அந்த வெள்ளை முகமூடி பழக்கமாகியிருந்த நேரம். கதை சொல்லும் சுமை வடிவமைப்பாளர் தோளில் இல்லை. கூட்டம் அதைத் தானே சுமந்துகொண்டு வந்து உட்கார்ந்திருந்தது.

ஆனால் கதை தெரிந்திருந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதே. ராக்ஃபோர்டின் ஃபேண்டம் ரெஜிமென்ட் 1980களின் தொடக்கத்திலேயே கச்சதூரியனின் ‘ஸ்பார்ட்டகஸ்’ இசையை வாசித்திருக்கிறது. அதே கோர் 2008இல் அதே பெயரோடு திரும்பி வந்தபோது செய்தது வேறு. டிரம் மேஜர் என்பவர் மேடையில் நின்று கைகாட்டி நடத்துபவர். நிகழ்ச்சியின் உள்ளே அவருக்கு வேலை கிடையாது என்பது மரபு. ரெஜிமென்ட் அவரையே ஸ்பார்ட்டகஸ் ஆக்கியது. நடத்திக்கொண்டிருந்தவரே கதைக்குள் இறங்கினார். ‘நான்தான் ஸ்பார்ட்டகஸ்’ என்று ஒருவர் மாற்றி ஒருவர் குரல் எழுப்பியபோது, கிர்க் டக்ளஸ் நடித்த 1960ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்காதவருக்கும் விஷயம் பிடிபட்டது: ஒருவனைக் காட்டிக்கொடுக்கச் சொன்னால் ஊரே எழுந்து நிற்கிறது. புளூமிங்டனில் நடந்த அந்த இறுதிப்போட்டியில் ரெஜிமென்ட் 98.125, புளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025. இருந்தும் அன்றைய இரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் புள்ளியைவிட அந்தக் குரல்களைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு ஷோ உண்டு. நீ கட்டாயம் வீடியோ பார்த்திருப்பாய். பார்க்காவிட்டால் இன்றே பார். ஸ்டார் ஆஃப் இண்டியானா, 1993. சாமுவேல் பார்பரின் ‘மெடியா’, கூடவே பார்டோக். தன் பிள்ளைகளையே கொல்லும் கிரேக்கத் தாயின் கதை பின்னால் இருக்கிறது. ஆனால் மைதானத்தில் கதாபாத்திரமென்று யாரும் வந்து நிற்கவில்லை. இறுகிய உடல்கள், வெட்டு வெட்டான அசைவுகள், இடையிடையே அச்சமூட்டும் மௌனம். கூட்டத்தில் ஒரு பகுதி கைதட்டவில்லை. சிலர் கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டினார்கள். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் நடந்த இறுதிப்போட்டியில் கேடட்ஸ் 97.4, ஸ்டார் 97.3. அதோடு ஸ்டார் போட்டியிலிருந்தே விலகிப் போய் மேடை நிகழ்ச்சிக்கு மாறியது. அந்தப் பாதையில் பிறந்த ‘பிளாஸ்ட்!’ 2001இல் டோனி விருது வாங்கியது. ‘மெடியா’ அதிலும் இடம்பெற்றது. இன்று டிரம் கோர் ரசிகர்களிடம் காலத்தை மீறி நிற்கும் ஷோக்களைக் கேட்டால் பலர் 1993 ஸ்டாரைச் சொல்லுவார்கள்.

இந்த வரலாற்றைக் கேட்டதும் இளம் வடிவமைப்பாளர்கள் ஒரு தவறான ஆறுதல் தேடிக்கொள்கிறார்கள்: இன்றைக்குப் புரியாதது நாளைக்குப் புரியும். ஸ்டாரின் ஷோ பின்னாளில் எடுபட்டதற்குக் காரணம் மெடியா யாரென்று மக்கள் தெரிந்துகொண்டதல்ல. இன்னமும் பாதிப்பேருக்குத் தெரியாது. அந்த இறுக்கமும் அச்சமும் 1993லேயே எல்லோருக்கும் தெளிவாகப் போய்ச்சேர்ந்திருந்தன, கூச்சலிட்டவர்களுக்கும் சேர்த்துத்தான். அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போவது வேறு, குழப்பம் வேறு. குழப்பமான ஷோவுக்கு யாரும் கூச்சல் போடமாட்டார்கள். எழுந்துபோய் ஹாட் டாக் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

கதையே இல்லாமலும் எல்லோருக்கும் புரியவைக்கலாம். காவலியர்ஸின் ‘ஃப்ரேம்வொர்க்ஸ்’ (2002) அப்படி ஒன்று: சட்டங்கள், வடிவங்கள், அவற்றுக்காகவே எழுதப்பட்ட இசை, 99.15 மதிப்பெண். அதைவிட உனக்குப் பயன்படக்கூடியது ஒஹையோ மாநிலம் கேண்டன் நகரின் புளூகோட்ஸ் 2014இல் செய்த ‘டில்ட்’. தலைப்புக்கு அர்த்தம் சாய்வு, ஷோவிலும் அதுதான். நிறுத்தியிருந்த பெரிய அமைப்புகள் சாய்ந்திருந்தன, உடல்கள் சாய்ந்தன. கடைசியில் யாரும் எதிர்பாராத இடத்துக்கு அது போனது: பிராஸ் பிடித்து நிறுத்திய ஸ்வரக்கூட்டு, எலக்ட்ரானிக்ஸின் துணையோடு, சுருதியிலிருந்தே வழுக்கிச் சரிந்தது. கேட்பவருக்குக் காலுக்கடியில் தரை சாய்வது போலிருக்கும். ஸ்டேடியம் அலறியது. இசைப்பயிற்சி இருப்பவர், இல்லாதவர் என்ற பேதம் அந்த சில விநாடிகளில் இல்லை. ஒரே ஒரு யோசனை. கண்ணுக்கு முதலில் காட்டினார்கள், பிறகு காதுக்குக் காட்டினார்கள். அவ்வளவுதான். அந்த ஆண்டு அவர்களுக்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் வாங்கிய புளூ டெவில்ஸின் ‘ஃபெலினியெஸ்க்’ 99.65 எடுத்தது, டி.சி.ஐ. வரலாற்றில் அதற்குமேல் யாரும் எடுத்ததில்லை.

சரி, சந்தேகமே வேண்டாம், வாயால் சொல்லிவிடலாமே? செய்து பார்த்திருக்கிறார்கள். 2004இல் மைதானத்தின் முன்வரிசை வாத்தியங்களுக்கு மைக் அனுமதிக்கப்பட்டது. அதன் பின் பேச்சும் ஷோவுக்குள் வந்தது. 2009இல் சிந்தசைசர் போன்ற மின்னணு வாத்தியங்களும் வந்தன. கேடட்ஸின் 2007 ஷோ ‘திஸ் ஐ பிலீவ்’ முழுக்கப் பேச்சால் நிறைந்திருந்தது. டிரம் கோரில் இருப்பது என்றால் என்ன என்பதை ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. தீம் புரியவில்லை என்று யாராலும் சொல்லமுடியாத ஷோ அது. ஆனாலும் ரசிகர்கள் பலத்த எரிச்சலோடு பேசிய ஷோக்களில் அதுவும் ஒன்று. காரணம் எளிது: பேச்சு ஓடும்போது 150 பேர் ஊதுவதும் ஓடுவதும் பின்னணி ஆகிவிடுகிறது. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரனும் பேசத்தான் செய்கிறான். ஆனால் அவன் ராஜாவையே கிண்டல் செய்துகொண்டு கூத்துக்குள் நிற்கும் ஆள். மைதானத்துக்கு வெளியே இருந்து வரும் விளக்கக் குரலுக்கு அந்த உரிமை கிடைப்பதில்லை. உன் ஷோவில் இரண்டு இடத்தில் குரல்பதிவு வைத்திருக்கிறாய். இரண்டையும் எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார். அப்போது தீம் விழுந்துவிட்டால், அது முதலிலிருந்தே மைதானத்தில் இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு ஆபத்து நடுவர் மாடத்திலிருந்து வருகிறது. 100 மதிப்பெண்ணில் 40 ‘ஜெனரல் எஃபெக்ட்’டுக்கு; விஷுவலுக்கு 30, இசைக்கு 30. மற்றதையெல்லாம்விட மொத்தத் தாக்கத்துக்கே கனம் அதிகம் என்பதால், யோசனையின் ஆழத்தைக் காட்டவேண்டும் என்ற வேகம் எல்லா வடிவமைப்பாளருக்கும் வந்துவிடுகிறது. நடுவர்கள் ஒரே ஷோவைக் கோடையில் பலமுறை பார்க்கிறார்கள். போட்டி முடிந்ததும் ‘கிரிட்டீக்’ என்று உட்கார்ந்து, நீ நினைத்தது என்ன என்று உன் வாயாலேயே கேட்கிறார்கள். ஜூலையில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை, சிற்றூர் ஹைஸ்கூல் மைதானத்தில், டிக்கெட் வாங்கி ஒரே தடவை பார்க்கிறவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. 2012இல் புளூ டெவில்ஸ் ‘கபரே வால்டேர்’ என்ற ஷோவை எடுத்தார்கள். 1916இல் ஜூரிக்கில் பிறந்த டாடா கலை இயக்கம்தான் தீம். அர்த்தத்தை உடைப்பதே அந்த இயக்கத்தின் வேலை. சாம்பியன் பட்டம் கிடைத்தது; ரசிகர்களில் ஒரு பகுதி தலையைச் சொறிந்துகொண்டு போனது. புரியாமல் போனதால் டாடா வென்றது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் புளூ டெவில்ஸ் அளவுக்கு ஊதவும் நடக்கவும் தெரிந்த கோருக்குத்தான் அந்த வேடிக்கை கட்டுப்படியாகும். உன் பிள்ளைகள் இன்னும் அங்கே வரவில்லை.

இப்போது உன் கதவுக்கு வருவோம். மைதானம் 100 யார்டு நீளம், 53 யார்டுக்குச் சற்று அதிகமான அகலம். மேல்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு முகபாவம் தெரியாது. கதவைத் திறக்கும் பெண்ணின் கண்ணீர், திரையரங்குகளுக்குப் போகும் நேரடி ஒளிபரப்பின் குளோசப்பில் தெரியும், ஸ்டேடியத்தில் தெரியாது. அங்கிருந்து தெரிவது மூன்று: கூட்டம் கூடுகிறதா கலைகிறதா, நிறம் எங்கே மாறுகிறது, யார் தனியாக நிற்கிறார். இழப்பைக் காட்டவேண்டுமானால் அந்தப் பெண்ணைச் சுற்றியிருக்கும் 60 பிராஸ்காரர்கள் அவளை விட்டு விலகட்டும். ஒலியும் அந்தத் திசைக்கே போகட்டும். கதவு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

உடை விஷயத்திலும் யோசி. 2016இல் புளூகோட்ஸ் ‘டவுன் சைட் அப்’ ஷோவில் ஷாகோ தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ராணுவச் சாயல் இல்லாத உடையில் வந்து பட்டம் வென்ற பிறகு, பெரும்பாலான கோர்கள் சீருடையை விட்டு வேடத்துக்கு வந்துவிட்டன. முன்பு எல்லோரும் ஒரே சீருடையில் இருக்க, கலர் கார்டில் ஒருவர் சிவப்பு உடுத்தினால் அவர்தான் கதாநாயகர் என்று குழந்தைக்கும் தெரியும். இப்போது 150 பேரும் வேடம் போட்டிருக்கிறார்கள். யாரைப் பார்ப்பது என்று சொல்லும் வேலை உடையிலிருந்து உன் டிரில்லுக்கு, அதாவது யார் எப்போது எங்கே நகர்வது என்ற திட்டத்துக்கு, வந்து சேர்ந்திருக்கிறது. பலர் இதைக் கவனிக்காமலே தடுமாறுகிறார்கள்.

தலைப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. அறிவிப்பாளர் அதைத்தான் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்; ரசிகருக்கு நீ தரும் துப்பு அது ஒன்றுதான். ‘நிழலின் நிலவியல்’ என்று நீ வைத்திருப்பதற்குப் பதிலாக ‘கதவு’ என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஜூன் முதல் வாரத்தில் முழு ஷோவையும் முதல்முறையாக ஓட்டும்போது, பஸ் டிரைவர் ஒருவரையும் சமையல் வண்டியில் உதவிக்கு வந்திருக்கும் பெற்றோரில் ஒருவரையும் மேல்வரிசையில் உட்கார வை. தலைப்பைச் சொல்லாதே, விளக்கம் கொடுக்காதே. முடிந்ததும் ‘அர்த்தம் புரிந்ததா’ என்று கேட்காதே. மரியாதைக்குப் புரிந்தது என்பார்கள். ‘எங்கே என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று கேள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி உன் இரண்டு பக்கத்தோடு வைத்துப் பார்த்து, அவர்கள் சொன்ன பக்கமாக ஷோவைத் திருத்து. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் இறுதிப்போட்டி. திருத்த உனக்கு இரண்டு மாதம் இருக்கிறது.