பரீட்சைகளும் கிராமத்துப் பிள்ளைகளும்

கிராமப் பள்ளிகளில் பயிலும் சிறார்கள் இருவகைப் பரீட்சைகளை எழுதுகின்றனர். ஒன்று, வகுப்பாசிரியர் பருவந்தோறும் நடத்துவது. மற்றொன்று, பலருள் சிலரைத் தெரிந்தெடுப்பதற்காக அரசு நடத்துவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பெற்றோர் பலர் வீண் கவலைக்கு ஆளாகின்றனர்; பெறத்தக்க உதவிகளையும் இழக்கின்றனர்.

தொடக்கப் பள்ளித் தேர்வின் நோக்கம் பிள்ளை எதை இன்னும் கற்கவில்லை என்பதைக் காண்பதேயாகும். 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்ததும் இதன் பொருட்டே. அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளையைத் தாழ்வாக எண்ணலாகாது. அப்பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் பயிற்சி இன்னும் தேவை என்பதே அதன் பொருள். மண் பரிசோதனைச் சீட்டில் தழைச்சத்து குறைவு என்று கண்டால் நிலத்தை வைகிறோமா? மதிப்பெண் குறைந்தபோது பிள்ளையை அடிப்பதைவிட, ஆசிரியரிடம் சென்று "எந்தப் பகுதியில் குறை?" என்று கேட்பது பயன் தரும். அடிக்கு அஞ்சும் பிள்ளை விடைத்தாளை மறைக்கக் கற்றுக்கொள்ளுமேயன்றிக் கணக்கைக் கற்றுக்கொள்ளாது.

தெரிந்தெடுக்கும் தேர்வின் தன்மை வேறு. அங்கு இடங்கள் இத்தனை என்று முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளன. நல்ல பிள்ளையும் தேறாது போகலாம். ஆயினும் விண்ணப்பமே செய்யாத பிள்ளை தேறுவதற்கு வழியில்லை. நம் விவசாயக் குடும்பங்கள் முதலில் அறியவேண்டியது, எட்டாம் வகுப்பில் எழுதப்பெறும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வாகும். 2008-ஆம் ஆண்டு மத்திய அரசு ஏற்படுத்திய இத்திட்டத்தில், நாடு முழுவதற்குமான ஓர் இலட்சம் இடங்களில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. தேறியவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும்; நான்கு ஆண்டுகளில் ரூ.48,000. எட்டாம் வகுப்போடு பெண்ணை நிறுத்திவிடலாமா என்று தயங்கும் வீட்டில் இத்தொகை முடிவையே மாற்றக்கூடும்.

அரசுப் பள்ளி அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் பயில்பவராகவும், பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.3,50,000-க்கு மேற்படாதவராகவும், ஏழாம் வகுப்பில் நூற்றுக்கு 55 மதிப்பெண் பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மதிப்பெண்ணில் 5 சலுகை உண்டு. தேர்வில் இரு தாள்கள்: மனத்திறன் ஒன்று, அறிவியல், சமூக அறிவியல், கணிதம் அடங்கிய படிப்பறிவுத் தாள் மற்றொன்று. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். அதாவது வினாவுக்கு ஒரு நிமிடமே.

மனத்திறன் தாள் என்றவுடன் அஞ்சுவோர் உளர். 2, 6, 12, 20 என்னும் வரிசையில் அடுத்த எண் யாது என்று கேட்பர். தென்னங்கன்று நடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் பாத்தியில் ஒரு வரிசை, வரிசைக்கு இரண்டு கன்று. அடுத்ததில் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. பிறகு மூன்றுக்கு நான்கு, நான்குக்கு ஐந்து. அடுத்து ஐந்து வரிசையில் ஆறாறாக 30. எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு 4, 6, 8, 10 என வளர்வதைக் கண்டும் விடை கூறலாம். இவ்வகை வினாக்களை நாளொன்றுக்குப் பத்து வீதம் மூன்று திங்கள் பழகிய பிள்ளைக்கு இவற்றின் போக்கு பிடிபட்டுவிடும். பட்டணத்துப் பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்டவேண்டிய அவசியம் இல்லை. ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடநூல்களும் பழைய வினாத்தாள்களும் போதும். விடைத்தாளில் வட்டங்களை நிரப்பும் முறையையும் இரண்டொரு முறை பழக்கிவிடுதல் நலம்.

தேறிய பின்னரும் தொகையை இழப்போர் உண்டு என்பதே வருந்தத்தக்கது. ஆதாரில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் வேறொரு முதலெழுத்தும் இருந்தால் பணம் வந்து சேராது. ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்கத் தவறினாலும் நின்றுபோகும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் தகுதி போய்விடும். கையில் நாலு காசு வந்ததும் பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உதவித் தொகை ஏன் வரவில்லை என்று நம் அலுவலகத்திற்கு வந்து கேட்பவர்களை நாம் காண்கிறோம்!

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியது அதிகம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. அக்குழுவில் எட்டாம் வகுப்பு மாணாக்கரின் பட்டியலைக் கேட்டு வாங்கி, எவர் வீட்டில் வருமானச் சான்று இல்லை என்பதை வார்டு வாரியாகப் பாருங்கள். சான்றுக்கு இ-சேவை மையத்தின் வழியே முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அக்டோபர் 2 கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைத்தால் காலத்தில் செய்தி பரவும். தேர்வு நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சம்பா அறுவடை நடைபெறும் காலத்தில் அமைந்துவிட்டால், பிள்ளைகளைக் களத்து வேலைக்கு அழைக்காதிருக்குமாறு பெற்றோரிடம் சொல்வதும் உறுப்பினர் பொறுப்பே. வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு மாலையில் ஊராட்சி நூலகத்தைத் திறந்துவைத்து, விளக்கு எரியும்படி பார்த்துக்கொண்டால் மிகவும் நன்று.

எட்டாம் வகுப்பில் தேறாதவர், ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வை எழுதலாம். மாவட்டத்திற்கு 50 மாணவர், 50 மாணவியர் தெரிந்தெடுக்கப்படுவர். தொகை ஆண்டுக்கு ரூ.1,000 மட்டுமே, ஆயினும் எழுதிப் பழகுவதற்கு உகந்தது.

உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி நகரில் 1962-ஆம் ஆண்டு முதல் இயங்கும் சைனிக் பள்ளியைப் பற்றியும் சிலர் வினவுகின்றனர். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மொத்தம் 300 மதிப்பெண்ணில் கணிதத்திற்கு மட்டும் 150. எனவே நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்கில் உறுதியுள்ள பிள்ளைக்கே இது ஏற்றது. பெண் பிள்ளைகளும் 2021 முதல் சேர்க்கப்படுகின்றனர். கட்டணம் சிறிதன்று. உதவித் தொகை பெறுவதற்கான வருமான வரம்பை முன்னரே விசாரித்தறிந்த பின் விண்ணப்பிப்பது தக்கது.