முந்தி வந்தவர் தோற்ற பந்தயம்

மாணவர்களே, முதலில் ஒரு புதிர். கயத்தாற்றில் கட்டபொம்மன் நினைவு மண்டபத்தின் அருகிலிருந்து இரண்டு கார்கள் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கரிசல் காட்டுக் கிராமங்களைச் சுற்றிக்கொண்டு அவை கடம்பூரை அடையவேண்டும். வழியின் நீளம் 20 கிலோமீட்டர். முதல் கார் 28 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாவது காருக்கு 30 நிமிடமும் 20 வினாடியும் ஆயின. ஆனால் பரிசு கிடைத்தது இரண்டாவது காருக்கு! ஏன்?

விடை எளிது. புறப்படும்போதே இருவருக்கும் ஒரு நிபந்தனை தரப்பட்டிருந்தது: சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 20 கிலோமீட்டர் செல்லச் சரியாக 30 நிமிடம் ஆகும். முதல் கார் 120 வினாடி முந்திவிட்டது. இரண்டாவது கார் 20 வினாடிதான் பிந்தியது. வினாடிக்கு ஒரு தண்டப் புள்ளி என்றால் 120-க்கு எதிராக 20. குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். வேகத்தில் வெல்லும் பந்தயமன்று இது. துல்லியத்தில் வெல்லும் பந்தயம்.

ராலியின் கதை

நீண்ட சாலைகளில் நடத்தப்படும் மோட்டார் போட்டியை 'ராலி' என்பார்கள். 1911-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்து புறப்பட்ட கார்கள் மான்டே கார்லோ நகரில் வந்து கூடின. அந்தப் போட்டி இன்றும் புகழ்பெற்று விளங்குகிறது. 1968 நவம்பர் 24-ஆம் நாள் லண்டனில் தொடங்கிய மற்றொரு பெரும் போட்டியில், கார்கள் தரைவழியாகப் பம்பாய்வரை வந்து, கப்பலேறி ஆஸ்திரேலியா சென்று, சிட்னியில் ஓட்டத்தை முடித்தன.

நம் நாட்டிலும் இவ்விளையாட்டு வேரூன்றியிருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-லேயே தோன்றியது. நாம் மேலே கண்ட வகைப் போட்டிக்கு 'டி.எஸ்.டி. ராலி' என்று பெயர். டைம், ஸ்பீடு, டிஸ்டன்ஸ், அதாவது காலம், வேகம், தொலைவு என்ற மூன்றின் முதலெழுத்துகள் இவை. இதற்கெனத் தேசிய அளவிலான போட்டித் தொடரும் நடைபெறுகிறது. பந்தயக் கார் தேவையில்லை. வீட்டிலுள்ள சாதாரணக் காரே போதும். ஆகவேதான் பொழுதுபோக்காக ஈடுபடுவோருக்கு இது ஏற்றதாக இருக்கிறது.

பக்கத்து இருக்கையில் ஒரு கணக்கர்

ஒவ்வொரு காரிலும் இருவர் இருப்பர். ஒருவர் ஓட்டுவார். மற்றொருவர் நேவிகேட்டர். அவர் மடியில் வழிப் புத்தகம் இருக்கும். எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தப் பக்கம் திரும்பவேண்டும், எங்கிருந்து எங்குவரை என்ன சராசரி வேகம் என்பதெல்லாம் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

நேவிகேட்டருக்கு ஒரு சூத்திரம் மனப்பாடம். 3600-ஐ வேகத்தால் வகுத்தால், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி என்பது கிடைக்கும். மணிக்கு 30 கி.மீ. என்றால் 120 வினாடி. 36 என்றால் 100. 40 என்றால் 90. 45 என்றால் 80. இதை வைத்துக்கொண்டு, "இப்போது நாம் 7 வினாடி பிந்தியிருக்கிறோம்" என்று அவர் ஓட்டுநருக்குச் சொல்லிக்கொண்டே வருவார். வழியில் நேரத்தைக் குறிக்கும் சாவடிகள் எங்கே இருக்கின்றன என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே கடைசியில் மட்டும் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் பலிக்காது. ஒவ்வொரு கிலோமீட்டரும் சரியாக இருக்கவேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. காரின் தூரமானி, சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதை எண்ணியே தொலைவைச் சொல்கிறது. புது டயரின் ஆரம் 300 மில்லிமீட்டர் என்போம். அது 6 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டால், சுற்றளவு 2 சதவீதம் குறைந்துவிடும். சக்கரம் கூடுதலாகச் சுழலும். உண்மையில் 10 கிலோமீட்டர் சென்ற காரில் தூரமானி ஏறக்குறைய 10.2 காட்டும். அதை நம்பி 36 கி.மீ. வேகத்துக்குக் கணக்கிட்டு ஓட்டினால், சாவடிக்கு 20 வினாடி பிந்தி வந்து சேர்வீர்கள். தேய்ந்த டயர் 20 புள்ளிகளைத் தின்றுவிடும்!

வானத்தில் ஒரு கடிகாரம்

முன்பெல்லாம் சாவடிதோறும் மார்ஷல்கள் கடிகாரத்துடன் அமர்ந்திருப்பார்கள். கார் கோட்டைக் கடக்கும் நேரத்தை அட்டையில் எழுதித் தருவார்கள். பத்துச் சாவடி என்றால் பத்துக் கடிகாரங்களும் ஒன்றுபோல் ஓடவேண்டும். ஒரு கடிகாரம் 5 வினாடி பிசகினாலும் போட்டியின் முடிவே மாறிவிடக்கூடும்.

இன்று கைப்பேசியில் இயங்கும் ஜி.பி.எஸ். செயலி ஒன்று இந்த வேலையைச் செய்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. இவற்றில் முதலாவது 1978-ல் ஏவப்பட்டது. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று அவை இடைவிடாது வானொலிச் சைகை அனுப்புகின்றன. சைகை ஒளியின் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. நேர் மேலே உள்ள கோளிலிருந்து நம்மை வந்தடைய அதற்கு 0.067 வினாடி பிடிக்கும். எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரிந்தால் தொலைவு தெரிந்துவிடும். மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

ஆனால் கைப்பேசியில் இருப்பது அணுக் கடிகாரமன்று; மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். அது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தொலைவில் 300 மீட்டர் பிழை வந்துவிடும். ஆகவே நான்காவது கோள் ஒன்றின் சைகையும் தேவைப்படுகிறது. இயற்கணிதத்தில் நான்கு சமன்பாடுகளைக் கொண்டு நான்கு மாறிகளைக் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? அதேபோல இடத்துக்கு மூன்று மாறிகள், காலத்துக்கு ஒரு மாறி. இதன் பயனாக, ராலியில் ஓடும் எல்லாக் கார்களுக்கும் ஒரே நேரம் வானத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. பத்துக் கடிகாரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் தொல்லை தீர்ந்தது.

இந்தத் துறையில் கயத்தாற்றுக்கும் ஒரு பக்கத்து வீட்டார் உண்டு. தெற்கே மகேந்திரகிரியில் நம் நாட்டு ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் என்ஜின்களும் கிரையோஜெனிக் என்ஜின்களும் சோதிக்கப்படுகின்றன. கிரையோஜெனிக் என்ஜின் கொண்ட ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒன்று 2023 மே 29-ஆம் நாள் என்.வி.எஸ்.-01 என்னும் கோளை விண்ணுக்கு எடுத்துச் சென்றது. 'நாவிக்' என்ற நமது சொந்த வழிகாட்டும் அமைப்பைச் சேர்ந்த கோள் அது. நம் நாட்டிலேயே செய்யப்பட்ட ருபீடியம் அணுக் கடிகாரம் அதில் வைக்கப்பட்டது.

கோட்டைக் கடந்தது எப்போது?

ஜி.பி.எஸ். சாவடிக்குக் கொடியும் இல்லை, கூடாரமும் இல்லை. சாலையின் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு, அவ்வளவுதான். கைப்பேசி பெரும்பாலும் வினாடிக்கு ஒருமுறையே இடத்தைக் குறிக்கிறது. 10 மணி 14 நிமிடம் 7-ஆம் வினாடியில் கார் கோட்டுக்கு 6 மீட்டர் முன்னால் இருந்தது. 8-ஆம் வினாடியில் 4 மீட்டர் கடந்துவிட்டது. அப்படியானால் கடந்த நேரம் எது? ஒரு வினாடியில் 10 மீட்டர் ஓடியிருக்கிறது. முதல் 6 மீட்டருக்கு 0.6 வினாடி. ஆகவே கடந்த நேரம் 7.6 வினாடி.

இதைக் கண்டதும், "அப்படியானால் பத்தில் ஒரு வினாடிவரை புள்ளி போடலாமே" என்று தோன்றும். அவசரப்படக்கூடாது. திறந்த வெளியில்கூடக் கைப்பேசி காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் பிசகக்கூடும். வினாடிக்கு 10 மீட்டர் செல்லும் காருக்கு 5 மீட்டர் என்பது அரை வினாடி. எனவே 0.2 வினாடி வித்தியாசத்தில் ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார் என்று அறிவித்தால், அது அளவு அன்று, குருட்டு அதிர்ஷ்டம். அளவுகோலின் பிழையைவிடச் சிறிய வித்தியாசத்துக்குப் பரிசு தருவது அநியாயம். இருவரும் சமம் என்று அறிவிப்பதே விஞ்ஞான முறை. 2000-ஆம் ஆண்டு மே மாதம்வரை, பொதுமக்களுக்கான சைகையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. இடம் 100 மீட்டர்வரை பிசகியது. அந்நாளில் இதே கணக்கில் பிழை 10 வினாடி ஆகியிருக்கும்!

சாவடியை எங்கே வைப்பது என்பதும் அறிவோடு செய்யவேண்டிய காரியம். கரிசல் பூமி ஒருவகையில் கொடுத்து வைத்தது. உயர்ந்த கட்டடமோ அடர்ந்த மரமோ இல்லாத இடங்களில் வானம் அடிவானம்வரை திறந்து கிடக்கிறது. சைகைகள் தடையின்றி வருகின்றன. நகரத் தெருக்களிலோ சைகை சுவர்களில் பட்டுத் திரும்பிச் சுற்றுவழியில் வந்து பிழையை உண்டாக்கும். ஆனால் நான்குவழிச் சாலையும் அதையொட்டிய அணுகுசாலையும் சில மீட்டர் இடைவெளியில்தான் ஓடுகின்றன. கார் எதில் செல்கிறது என்று ஜி.பி.எஸ். தடுமாறலாம். வேகத்தடை அருகிலும் கோடு போடக்கூடாது. கார் வினாடிக்கு 5 மீட்டராக ஊர்ந்தால், அதே 5 மீட்டர் பிழை ஒரு முழு வினாடியாகிவிடும்.

புள்ளியைவிடப் பெரியது

ராலிக் கார் ஓடும் சாலை எல்லாருக்கும் பொதுவானது. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள். ஆட்டு மந்தை குறுக்கே வரும். மந்தைக்காக ஒரு நிமிடம் நின்ற ஓட்டுநர், சராசரி 40-ஐப் பிடிக்க என்ன செய்வார்? 2 கிலோமீட்டருக்கு 40 கி.மீ. வேகத்தில் 3 நிமிடம் ஆகும், 60 கி.மீ. வேகத்தில் 2 நிமிடம் போதும். ஆகவே 60-ல் விரட்டி இழந்த நிமிடத்தை மீட்கலாம் என்ற ஆசை வரும். அங்கேதான் ஆபத்து. வேகம் ஒன்றரை மடங்கானால் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரமும் அதே அளவு நீளும். குறுகிய கிராமச் சாலையில் அந்தத் தூரத்துக்குள் ஒரு குழந்தை நிற்கலாம்.

ஆகவே நல்ல அமைப்பாளர் மூன்று காரியங்களைச் செய்வார். சராசரி வேகத்தைச் சட்ட வரம்புக்கு வெகுவாகக் கீழே வைப்பார். எங்கேயாவது வரம்பைத் தாண்டினால் அதற்குக் கடுமையான தண்டப் புள்ளி விதிப்பார். செயலியின் பதிவே சாட்சி. மூன்றாவதாக, மந்தைக்காக நின்ற நேரத்தைக் கழித்துக் கொடுப்பார். கார் நின்றிருந்ததையும் அதே பதிவு காட்டுமல்லவா? பொறுமையாக நின்றவரைத் தண்டிக்கும் போட்டி, பொறுமையின்மையை வளர்க்கும் போட்டியாகிவிடும். மாநில அரசின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பொதுச் சாலையில் வேகப் பந்தயம் நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

கார் ஓட்டும் வயது உங்களுக்கு இன்னும் வரவில்லை. கவலை வேண்டாம், பள்ளி மைதானத்தில் சைக்கிள் ராலி நடத்தலாம். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வேகம் வையுங்கள். 100 மீட்டருக்கு 30 வினாடி. 600 மீட்டர் வழிக்கு 180 வினாடி. பெரியவர் ஒருவரின் கைப்பேசியை வாங்கிச் சாவடிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கயத்தாறு பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் இருக்கிறது. இங்கே இரண்டு ரேகைகளிலும் 0.0001 பாகை என்பது ஏறத்தாழ 11 மீட்டர். இரு சாவடிகளுக்கிடையே அட்சரேகை 0.0030, தீர்க்கரேகை 0.0040 வேறுபட்டால், பக்கங்கள் 330 மீட்டரும் 440 மீட்டரும். பைதகோரஸ் தேற்றத்தின்படி நேர்த்தூரம் 550 மீட்டர். பாதை வளைந்தால் உண்மைத் தூரம் இதைவிட அதிகம். அதைச் சிறு சிறு துண்டுகளாக அளந்து கூட்டுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி: 5 மீட்டர் பிழையுள்ள கைப்பேசியால், 12 கி.மீ. வேகச் சைக்கிளுக்கு எத்தனை வினாடி வித்தியாசம்வரை 'சமம்' என்று தீர்ப்புச் சொல்லவேண்டும்? கணக்கிட்டு, போட்டி தொடங்குமுன்பே அந்த விதியைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். முடிவு வந்தபின் எழுதும் விதிக்கு மதிப்பு இல்லை.