சுரங்கத்தில் எரிந்த கார்பைடு விளக்கு

பழம்பொருள் சேர்ப்போர் பல வகையினர். நாணயம் சேர்ப்போர் உண்டு; தபால் தலை சேர்ப்போரும் உண்டு. நான் சேர்ப்பவை, சுரங்கத் தொழிலாளர் தம் தொப்பியில் மாட்டிக்கொண்ட கார்பைடு விளக்குகள். "எரியாத விளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று விடுதி நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

கார்பைடு நமக்குப் புதிய பொருளன்று. மாங்காயைப் பழுக்க வைக்கப் பயன்படுத்தலாகாதெனச் சட்டம் தடுத்துள்ள அதே கல்தான். 1892இல் அமெரிக்காவில் வட கரோலினாவின் ஸ்ப்ரே என்னும் ஊரில் தாமஸ் வில்சன் என்பார், கால்சியம் உலோகத்தைப் பெற விரும்பிச் சுண்ணாம்பையும் தாரையும் மின் உலையில் இட்டுக் காய்ச்சினார். உலோகம் கிடைக்கவில்லை, கருநிறக் கட்டி ஒன்று கிடைத்தது. அதன்மேல் நீர் பட்டதும் எரியும் வாயு எழுந்தது. கல் கார்பைடு, வாயு அசெட்டிலீன். 1900இல் ஃபிரெடரிக் பால்டுவின் கார்பைடில் எரியும் சைக்கிள் விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகைய விளக்கே சிறு உருவம் பெற்றுச் சுரங்கத்தினுள் நுழைந்தது.

இவ்விளக்கு எவ்வாறு எரிகிறது? இதில் இரண்டு அறைகள் உள்ளன. மேலறையில் நீர், கீழறையில் கார்பைடு. மேலுள்ள நெம்பியைத் திருப்பினால் நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். பிறக்கும் வாயு சிறு துளை வழியே வெளிவந்து, பளபளப்பான தகட்டின் நடுவே வெண்சுடராக எரியும். 64 கிராம் கார்பைடு 36 கிராம் நீருடன் சேர்ந்தால் 26 கிராம் அசெட்டிலீனும் 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பும் உண்டாகும். ஒருமுறை இட்ட கார்பைடு சில மணி நேரமே தாங்கும். பின்னர்ச் சுண்ணாம்புச் சேற்றைக் கொட்டிவிட்டுப் புதுக் கல் இடுதல் வேண்டும்.

எண்ணெய்த் திரி விளக்கோடு ஒப்பிட்டால் இதன் ஒளி மிகுதி. புகையும் கரியும் குறைவு. தொழிலாளர் இதை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் சுரங்கத்தில் விளக்குக்கு ஒளி தருவதோடு வேறொரு கடமையும் உண்டு. காற்றின் நிலையை அஃது அறிவித்தல் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 21 விழுக்காடு. அது 16 அல்லது 17 விழுக்காடாகக் குறைந்தால் எண்ணெய்ச் சுடர் அணைந்து எச்சரிக்கும். அசெட்டிலீன் சுடரோ 12 அல்லது 13 விழுக்காடு வரையில் எரிந்துகொண்டேயிருக்கும். விளக்கு எரிகிறதே என்று நம்பி நிற்பவனுக்கு அதற்குள் மூச்சுத் திணறும், அறிவும் தடுமாறும்.

இதனினும் பெரிய கேடு திறந்த சுடர். நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேன் வாயு கசிவதுண்டு. கம்பி வலையால் சுடரை மூடிய காப்பு விளக்கை ஹம்ப்ரி டேவி 1815லேயே செய்து காட்டிவிட்டார். அதற்கு 117 ஆண்டுகள் கழித்து, 1932 டிசம்பர் 24ஆம் நாள், அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் மோவிக்குவா நிலக்கரிச் சுரங்கத்தில் என்ன நடந்தது? தொழிலாளரின் தொப்பியில் எரிந்த கார்பைடு சுடர் மீத்தேனைப் பற்ற வைத்தது. மாண்டவர் 54 பேர். மறுநாள் கிறிஸ்துமஸ்! எடிசனின் மின்கலத் தொப்பி விளக்கு 1914லேயே வந்துவிட்டது என்பதையும் இங்கே நினைத்தல் வேண்டும். காக்கும் கருவி உலகில் இருப்பது வேறு. அஃது உழைப்பவன் தலைக்கு வந்து சேர்வது வேறு. இவ்விளக்குகள் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.

சேர்க்க விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். காசியின் தட்டேரி பஜார் போன்ற பித்தளைக் கடைவீதிகளில் பழைய பாத்திரங்களுக்கிடையே தேடுங்கள். லீட்ஸ் நகரின் 'பிரிமியர்', சிகாகோவின் 'ஜஸ்ட்ரைட்' போன்ற பெயர்கள் விளக்கின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பெயரும், தொழிலாளி கீறிய அடையாளமும் மழுங்கிவிடும். கீழறையில் பழைய கல் எஞ்சியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை ஈரம் படாமல் காப்பதே முறை. அசெட்டிலீன் காற்றில் 2.5 விழுக்காடு கலந்தாலே பற்றக்கூடும். ஆதலின் அறைக்குள் ஏற்றிப் பார்த்தலாகாது. உடைந்த குழாய்க்கு மாற்றாகச் செம்புக் குழாய் பொருத்துவதும் தவறு; செம்பும் அசெட்டிலீனும் கூடினால் வெடிக்கும் பொருள் உண்டாகும்.

என் அறை அலமாரியில் இவ்விளக்குகள் வரிசையாக உள்ளன. காண விரும்பும் நண்பர்கள் ஞாயிறு மாலையில் வரலாம். கையில் எடுத்துப் பாருங்கள். தகட்டின் பின்புறக் கொக்கி தேய்ந்திருப்பதையும் பாருங்கள். நாள்தோறும் ஒருவன் அதைத் தன் தொப்பியில் மாட்டிக் கழற்றிய தேய்வு அது.