குறைமாதப் பிள்ளைக்கு இரண்டு கணக்கு

ஆறு மாதம் ஆகியும் பிள்ளை உட்காரவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்போதோ உட்கார்ந்துவிட்டது என்று கவலைப்படும் வீடுகளில் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைத்தான். 37 வாரம் நிறையுமுன் பிறந்தால் குறைமாதம். அப்படிப் பிறந்த பிள்ளையின் முதல் வருடத்துக்கான குறிப்புகள் இவை. கள்ளக்குறிச்சி டவுனுக்கும் பொருந்தும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துக்கும் பொருந்தும்.

1. டாக்டர் கொடுத்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். தேதி ஜனவரி 14, பிள்ளை பிறந்தது நவம்பர் 19 என்றால் 8 வாரம் முந்திவிட்டது. மே 19 அன்று ஊர்க் கணக்கில் பிள்ளைக்கு ஆறு மாதம். வளர்ச்சிக் கணக்கில் நாலு மாதம், ஐந்து நாள். நாலு மாதப் பிள்ளையிடம் தலை நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். உட்காரவில்லை என்று அழக்கூடாது. இதைத் திருத்திய வயது என்பார்கள். இரண்டு வயது முடியும்வரை இப்படிக் கழித்துப் பாருங்கள், அப்புறம் தேவையில்லை.

2. தடுப்பூசிக்கு மட்டும் கழிக்காதீர்கள். அது பிறந்த தேதியிலிருந்துதான். 6, 10, 14 வாரத்து ஊசிகளும், 9 மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் அந்தந்த நாளில் போட வேண்டும். "பிள்ளை இன்னும் தேறட்டும்" என்று ஊசி போடும் புதன்கிழமைகளைத் தள்ளிப்போடுவது தவறு. சளியும் கக்குவானும் முதலில் பிடிப்பது தேறாத பிள்ளையைத்தான். பிறந்ததும் போட வேண்டிய ஊசி எடை குறைவால் விட்டுப்போயிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

3. முப்பதாவது நாள் கண் பரிசோதனை. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிவது கர்ப்பத்தின் பத்தாவது மாதத்தை ஒட்டித்தான். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அவை தாறுமாறாகக் கிளைத்து, விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கண் பளிச்சென்றுதான் இருக்கும். 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களையும் 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்தவர்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன்னால் பிறந்த பிள்ளை முப்பது நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, இரண்டு மூன்று வாரத்திலேயே காட்ட வேண்டும். நேரத்தில் பிடித்தால் லேசர் சிகிச்சையில் பார்வையைக் காப்பாற்றலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பிள்ளை இருபதாம் நாளே தேறி வீட்டுக்கு வந்துவிடும். மலைக்கு வந்தபின் ஒரு கண் டெஸ்டுக்காக மறுபடி கீழே இறங்க யாருக்கும் மனம் வராது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே தேதியையும் இடத்தையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு "மறுபடி வாங்க" என்றால் போயே ஆக வேண்டும். குழாய்கள் முழுதாக வளர்ந்துவிட்டன என்று டாக்டர் சொல்லும்வரை அது முடியாது.

4. காது. ஒரு மாதத்துக்குள் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். தட்டைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறதே என்பது சோதனை ஆகாது.

5. மாரோடு அணைத்துக் கொள்ளுங்கள். கண்ணாடிப் பெட்டிகள் (இன்குபேட்டர்) போதாமல் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. உலக சுகாதார நிறுவனம் 2022இல், பெட்டியிலிருந்து வெளியே வரும்வரை காத்திருக்காமல் சீக்கிரமே தொடங்கி ஒரு நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொன்னது. பிள்ளைக்குக் குல்லா, காலுறை, இடுப்புத் துணி மட்டும் போதும். இரு மார்புக்கும் நடுவே நெட்டாக வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மேலே பழைய பருத்திச் சேலையைச் சுற்றிக் கட்டுங்கள். தாடை நெஞ்சில் புதையக் கூடாது, மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மார்கழிக் குளிரில் மலைவீட்டில் எந்தக் கம்பளியும் இந்தச் சூட்டைத் தராது. அம்மா குளிக்கப் போனால் அப்பா வைத்துக்கொள்ளலாம், ஆயாவும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை வளர்ந்து, நெளிந்து, "விடு" என்கிற மாதிரி உதைக்கத் தொடங்கினால் நிறுத்திவிடலாம்.

6. பாலாடையைத் தூக்கிப் போடாதீர்கள். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் பிள்ளை ஒழுங்காகச் சேர்த்துச் செய்வது கர்ப்பக் கணக்கில் 34 வாரத்தை ஒட்டித்தான் வரும். அதுவரை தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கச் சொல்வார்கள். பிள்ளையை முக்கால்வாசி நிமிர்த்தி மடியில் வையுங்கள். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டு ஓரத்தில் தொட்டு, லேசாகச் சாய்த்து, ஒரு மடக்கு விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்ததைக் கொடுங்கள். வாயில் ஊற்றி மூக்கைப் பிடிப்பது பழைய கொடுமை. ஒவ்வொரு தடவையும் பாலாடையைக் கொதிநீரில் போட்டெடுங்கள். பாட்டில் வேண்டாம்.

7. பகலில் விழித்திருக்கும்போது சில நிமிடம் குப்புறப் படுக்க வையுங்கள். முதலில் உங்கள் நெஞ்சின் மேல், பிறகு பாயில். கழுத்தும் தோளும் தேறும். எப்போதும் கூட இருங்கள். தூங்க வைப்பது மல்லாக்கத்தான். சேலைத் தூளி நம் வீடுகளில் இருந்தே தீரும், ஒழிக்கச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சின்னப் பிள்ளைக்கு அதில் தலை மடிந்து மூச்சு அடைக்கலாம். நாள் முழுக்கத் தூளியிலேயே கிடந்தால் கழுத்துக்கு வேலையும் இல்லை. முதல் சில மாதம் தரையும் பாயும்தான் நல்லது.

8. எந்த மாதத்தில் என்ன? எல்லாம் திருத்திய வயதில்: 2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பு, 4இல் தலை நிற்பது, 5-6இல் குப்புற விழுவதும் கை நீட்டிப் பிடிப்பதும், 8 வாக்கில் தானாக உட்காருவது, 9-10இல் பிடித்துக்கொண்டு நிற்பது, 12இலிருந்து 15க்குள் நடை. ஒன்றிரண்டு மாதம் முன்பின் ஆவது சகஜம். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான் வைத்திருந்தார்கள். தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், நடந்து வரும் வருகைப் பருவம் பதின்மூன்றாம் மாதம். அது நிறைமாதப் பிள்ளைக்கு. நீங்கள் முந்திய வாரங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். டாக்டர் ஓர் அட்டவணையில் பென்சிலைச் செங்குத்தாக வைத்துப் பார்த்தால் அது திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவானதாக இருக்கலாம். பென்சிலுக்கு இடப்பக்கம் இருப்பதையெல்லாம் பிள்ளை செய்ய வேண்டும் என்று கணக்கு.

9. மாதக் கணக்கைவிட முக்கியமானது, துணி மாற்றும்போது உங்கள் கைக்குத் தெரிவது. தொடை விரியாமல் விறைத்து, கால்கள் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்கின்றனவா? நாலு மாதத்துக்குப் பிறகும் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி இறுகியே இருக்கிறதா? ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையால் மட்டும்தான் எதையும் எடுக்கிறதா? "இடக்கைப் பழக்கம் போல" என்று சிரித்து விடாதீர்கள், அந்த வயதில் கைப்பழக்கம் வராது. உடனே காட்டுங்கள். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில், மாவட்டம்தோறும் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் உண்டு. பயிற்சியும் சிகிச்சையும் இலவசம். 2022இல் திறந்த சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

10. மலைத்தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயதுவரை நாக்கில் தடவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் சிறு குழந்தையைச் செயலிழக்கச் செய்யும். வசம்பு உரசிக் கொடுப்பது, சர்க்கரைத் தண்ணீர், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவது, கண் மை, சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம். கண்ணாடிப் பெட்டியில் மூச்சுக்குத் திணறிய நுரையீரலுக்குப் புகை ஆகவே ஆகாது. மாமியார் வருத்தப்பட்டால் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லுங்கள். மென்மையாகத் தேய்த்தால் நல்லதுதான்.

11. சோறு ஊட்டுவதும் திருத்திய வயது ஆறு மாதத்தில். நாலு மாதத்தில் தொடங்கிய குறைமாதப் பிள்ளைகள் அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதை 2017இல் வெளிவந்த தில்லி ஆய்வு காட்டியது. கேழ்வரகுப் பால் கஞ்சியும், மலையில் விளையும் சாமையைக் குழைய வேகவைத்ததும் நல்ல தொடக்கம். ஸ்பூனைச் சரித்தால் ஒழுகாத கெட்டி வேண்டும், மேலே துளி நெய். மரவள்ளிக் கிழங்கு மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. இரும்புச்சத்து தாய் வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில்தான் சேமிப்பாகும். அந்த மாதங்கள் கிடைக்காததால் டாக்டர் எழுதிய இரும்பு, வைட்டமின் டி சொட்டு மருந்துகளை நடுவில் நிறுத்தாதீர்கள். மலம் கறுத்தால் பயம் வேண்டாம்.

12. சக்கரம் வைத்த வாக்கர் வாங்காதீர்கள். நடக்கக் கற்றுத் தராது, விழவைக்கும். கனடா 2004இல் தடையே செய்துவிட்டது. தானாக எழுந்து நிற்கும் பிள்ளை பிடித்துத் தள்ளுகிற மர நடைவண்டி வேறு விஷயம்.

13. "ஏழு மாசம் பிழைக்கும், எட்டு மாசம் பிழைக்காது" என்பதைக் காதில் வாங்காதீர்கள். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பலம்தான்.

14. பால் குடிக்க மறுத்தல், நெஞ்சு உள்வாங்கும் மூச்சு, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, கைகால் சில்லிடுதல், காய்ச்சல், வலிப்பு, உடல் துவளுதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். மலையில் வண்டி ஏறிவர நேரமாகும், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

15. கேரளம், கர்நாடகம் என்று தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டு, தாய் சேய் நல அட்டை இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த வாரம், பிறந்த எடை, கண் பரிசோதனைத் தேதி மூன்றும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். எடை பார்ப்பது முடிந்தவரை ஒரே தராசில். மழையில் நனைந்து மை கலைந்த அட்டையைக் காட்டினால், பிள்ளை தேறியதா இளைத்ததா என்று எந்த ஊர் நர்ஸாலும் சொல்ல முடியாது.