கொடிவழியும் கணினியும்

நுழையும்முன்

பாட்டன், பூட்டன், ஓட்டன் என முன்னோரைக் குறிக்கத் தமிழில் முறைப்பெயர்கள் உண்டு. ஆனால், அவர்களின் இயற்பெயர்களைச் சொல்லப் பல வீடுகளில் ஆளில்லை. முதியோர் நினைவில் உள்ளவற்றைக் காக்க இன்று கணினி மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் தக்கதைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

எல்லைகளைக் கடந்த உறவு

காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடிக்குச் செல்லும் வழியில் பூவம் உள்ளது. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியரிடம் இருந்து, பின் ஆங்கிலேயரிடம் சென்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த ஆட்சி எல்லைகளைப் பார்த்து நடப்பதில்லை. ஆகவே, இப்பகுதிக் குடும்பம் ஒன்றின் வரலாறு வெவ்வேறு ஆட்சிகளின் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கக்கூடும்.

பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை தனித்தனியே பதியப்பட்டன. அப்பழைய ஏடுகள் பலவற்றை, ஏக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரிலுள்ள பிரெஞ்சு ஆவணக்காப்பகம் இணையத்தில் வெளியிட்டுள்ளது. காரைக்கால் துறைமுகத்திலிருந்து ரியூனியன், குவாதலூப்பு, மார்த்தினிக்கு தீவுகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோரும் பலர். அவர்களின் வழியினர் அத்தீவுகளில் இன்றும் வாழ்கின்றனர். எனவே, வீட்டில் எழுதப்படும் கொடிவழி தொலைவில் உள்ள உறவினருக்கும் பயன்படக்கூடியது.

பெயரும் எழுத்தும்

மென்பொருள்கள் பலவும் ‘குடும்பப்பெயர்’ என ஒரு கட்டத்தை வைத்துள்ளன. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபில் அப்படியொரு பெயர் இல்லாதோர் மிகுதி. அக்கட்டத்தை வெறுமையாக விட இடந்தரும் மென்பொருளே ஏற்றது. அதை நிரப்புவதற்காக இல்லாத பெயரை உண்டாக்கினால், பின்வருவோர் அதையே உண்மையென நம்பிவிடுவர்.

முத்துசாமி என்னும் பெயரை ரோமன் எழுத்தில் பிரெஞ்சு முறைப்படி எழுதினால் ‘எம், ஓ, யூ’ எனவும், ஆங்கில முறைப்படி எழுதினால் ‘எம், யூ’ எனவும் தொடங்கும். ஒருவரே இருவராகத் தோன்ற இது போதும். எனவே, ஒருங்குறித் தமிழில் எழுதவும், ஒருவருக்கே மாற்றுப்பெயர்கள் பல சேர்க்கவும் வசதி வேண்டும்.

உறவும் காலமும்

அத்தை மகளையோ தாய்மாமன் மகளையோ ஒருவர் மணந்தால், ஒரே பாட்டி இருவருக்கும் முன்னோர் ஆவார். அவரை இருமுறை பதியாமல், ஒரே பதிவை இரு கிளைகளிலும் இணைக்க மென்பொருளால் இயல வேண்டும்.

‘ஆனந்த ஆண்டு ஆவணியில் பிறந்தவர்’ என்று பாட்டி கூறலாம். தமிழாண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. ஆதலால், அது 1914 ஆகவும் இருக்கலாம். 1974 ஆகவும் இருக்கலாம். ‘பிரெஞ்சுக்காரர் இருந்தபோது’ என அவர் சேர்த்துச் சொன்னால் ஐயம் தீரும். காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின்கீழ் வந்துவிட்டது. ஆகவே, கணித்த ஆண்டோடு பாட்டியின் சொற்களையும் அப்படியே குறிப்பாக எழுத இடம் வேண்டும்.

சான்றும் பாதுகாப்பும்

ஒவ்வொரு செய்திக்கும் அருகில், அதைச் சொன்னவர் யார், எந்த ஏட்டில் கண்டது என்னும் சான்றைச் சேர்க்க வேண்டும். நினைவும் பதிவேடும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுவதே நேர்மை.

கிராம்ப்ஸ் என்பது 2001இல் தொடங்கப்பட்ட கட்டணமில்லா மென்பொருள். அதில் எழுதுபவை சொந்தக் கணினியிலேயே சேமிக்கப்படும். ஃபேமிலிசர்ச் இணையத்தளத்திலோ உலகினர் அனைவருக்கும் ஒரே பொதுமரம். மறைந்தோரைப் பற்றி ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம். உறவினரைத் தேட இது உதவும். ஆயினும், சொந்தப் படி ஒன்று வீட்டில் இருத்தல் நலம். உயிருடன் இருப்போரின் விவரங்களை அவர்தம் இசைவின்றிப் பொதுவில் வெளியிடக் கூடாது.

தெரிந்து தெளிவோம்

ஒரு மென்பொருளில் எழுதியதை மற்றொன்றுக்கு மாற்றப் பயன்படும் பொது வடிவம் ‘ஜெட்காம்’. இது 1984இல் தோன்றியது. 2021இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு, உலக மொழிகளின் எழுத்துகளை ஏற்கும் ஒருங்குறியைக் கட்டாயமாக்கியது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் பத்துப் பேரின் விவரங்களை மட்டும் பதிய வேண்டும். பின்னர் அவற்றை ஜெட்காம் கோப்பாக வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பார்க்க வேண்டும். தமிழ்ப்பெயரும் குறிப்பும் சான்றும் சிதையாமல் வந்திருந்தால் தொடரலாம். சிதைந்திருந்தால், ஆயிரம் பெயரை எழுதியபின் வருந்துவதைவிடப் பத்துப் பெயரோடு விலகுவது எளிது.

ஆயினும், மென்பொருளைத் தேர்ந்தபின் முதியோரிடம் கேட்கலாம் எனக் காத்திருத்தல் தவறு. மென்பொருளை நாளையும் மாற்றலாம். பாட்டியின் நினைவை நாளை கேட்க இயலாமற் போகலாம். இன்று ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சான்றுடன் எழுதுக.

2. ‘நினைவும் பதிவேடும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுவதே நேர்மை’ – இக்கூற்று குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.