வலிப்பு நோய்: யாருக்கு வரும்? எப்படி வளரும்?



"டிரெஸர் ஐயா, ஒரு வருஷமா இழுப்பே வரலை. அதான் மாத்திரையை நிறுத்திட்டோம்." நடுராத்திரியில் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஒரு தாய் இப்படிச் சொன்னார். பையனுக்கு விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் நின்றது. அந்தப் பையனை நினைத்துத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

மூளையின் நரம்புகளில் மெல்லிய மின்சாரம் ஓடுகிறது. அது திடீரென்று தாறுமாறாகப் பாய்ந்தால் வலிப்பு வரும். இது பேயும் அல்ல, சாபமும் அல்ல. தொட்டால் ஒட்டுவதும் இல்லை. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு.

யாருக்கு வரலாம்?

1. பிரசவத்தில் மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைக்கு. ஆகவே கர்ப்பிணிகள் மாதப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள்.

2. மூளைக் காய்ச்சல் கண்டவர்களுக்கு. 1998-99-ல் நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்கில் நிப்பா காய்ச்சல் பரவியது நினைவிருக்கும். பிழைத்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் வலிப்பு வந்தது.

3. தலையில் பலத்த அடி பட்டவர்களுக்கு. குலை வெட்டும்போது மட்டை விழலாம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழலாம். காயம் ஆறி, வருஷங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். ஹெல்மெட் போட மறக்காதீர்கள்.

4. பக்கவாதம் வந்தவர்களுக்கு. ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

5. தினமும் சம்சு குடிப்பவர்களுக்கு. திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். குடியை விட வேண்டும். ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்.

6. சில வகை குடும்பவழியாக வரும். அதற்காகப் பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் நிச்சயம் வரும் என்று அர்த்தமில்லை.

ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. ஆனாலும் நான்கில் ஒரு பங்கு தடுக்கக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சின்னக் குழந்தைக்குக் காய்ச்சலோடு இழுப்பு வந்தால் பயந்துவிடாதீர்கள். 6 மாதம் முதல் 5 வயதுவரை இது சகஜம். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பின்னால் வலிப்பு நோய் வராது. ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எப்படி வளரும்?

எல்லாருக்கும் கீழே விழுந்து, நுரை தள்ளித்தான் தொடங்கும் என்றில்லை. ஒரு கை மட்டும் துடிக்கும். பிள்ளை சில வினாடி வெறித்துப் பார்க்கும். "பாடத்தைக் கவனிக்கலை" என்று வாத்தியார் திட்டுவார். காரணமில்லாமல் ஒரு தடவை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வரும்; அதுவும் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள். ஆகவே முதல் தடவையே காட்டுங்கள்.

ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு நின்றுவிடும். மாத்திரையை விட்டாலும், தூக்கம் கெட்டாலும் திரும்ப வரும். வலிப்பு வராமலிருப்பது மாத்திரை வேலை செய்வதற்கு அடையாளம். நோய் போய்விட்டது என்பதற்கு அல்ல. குறைந்தது இரண்டு வருஷம் வராமலிருந்தால், டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். மாத்திரை தொடங்கிய பிறகு தோலில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது?

சாவிக்கொத்து, இரும்பு எதையும் கையில் திணிக்காதீர்கள். வாயில் கரண்டி வைக்காதீர்கள், பல் உடையும். தண்ணீரும் ஊற்றாதீர்கள். தலைக்கு அடியில் துணி வைத்து, துடிப்பு நின்றதும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும் உடனே 999-ஐ அழையுங்கள்.

கல்யாணத்துக்காக நோயை மறைத்து, மாத்திரையையும் மறைக்கிற பெண்பிள்ளைகள் நம் லயங்களில் இருக்கிறார்கள். மறைத்த மாத்திரை தவறும். தவறினால் அடுப்படியிலோ குளியலறையிலோ விழுவாள். வலிப்பு உள்ளவர் படிக்கலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

அந்தப் பையன் இப்போது தினமும் மாத்திரை சாப்பிடுகிறான், பள்ளிக்கூடம் போகிறான். உங்கள் வீட்டிலும் யாருக்காவது இருந்தால் கூச்சப்படாமல் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.