ஒரு டிகிரி தவறினால் சிக்ஸர்!



"மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுடா" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதத்தான் முதலில் ஆசைப்பட்டேன். வரவில்லை. சரி, தெரிஞ்சதை எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, எங்கள் இடையஞ்சாவடி செம்மண்ணில் ஆடிய டென்னிஸ் பால் கிரிக்கெட். இன்னொன்று, இரண்டு தடவை எழுதிப் பாஸ் செய்த கணக்கு. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜன். நமக்கெல்லாம் 'யார்க்கர்' நடராஜன்.

அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா ரோட்டோரம் கடை வைத்திருந்தவர். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். இருபது வயது வரை இவர் போட்டதும் டென்னிஸ் பால்தான். அப்படிப்பட்டவர் 2020-ல் ஒரே சீசனில் எப்படி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்? முதலில் கணக்கைப் பார்ப்போம். பயப்படாதீங்க, நம்ம பாடத்தில் வருகிற எறிபொருள் கணக்குதான்!

யார்க்கர் என்றால் என்ன?

பேட்ஸ்மேனின் கால் விரலுக்குப் பக்கத்தில் விழும் பந்து. அது எழும்பவே நேரம் இல்லாததால் பேட்டை அடியில் கொடுத்துத் தூக்க முடியாது. பந்து வீசும் கோட்டிலிருந்து பேட்ஸ்மேன் நிற்கும் கோடு வரை 58 அடி, அதாவது 17.68 மீட்டர். வேகம் மணிக்கு 135 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 37.5 மீட்டர் ஆகிறது. வகுத்தால் 0.47 வினாடி. கண் சிமிட்டும் நேரம்!

பந்து கையை விடும் உயரம் 2 மீட்டர் என்று கொள்வோம். அந்த 0.47 வினாடியில் புவியீர்ப்பு மட்டும் பந்தைச் சுமார் 1.08 மீட்டர் கீழே இறக்கும். மீதி 0.92 மீட்டரைக் கைதான் இறக்க வேண்டும். அதற்குப் பந்தைக் கிடைமட்டத்திலிருந்து சுமார் 3 டிகிரி கீழ்நோக்கி விட வேண்டும். காற்றின் தடையை நான் சேர்க்கவில்லை.

இப்போதுதான் விஷயமே. 3-க்குப் பதில் 2 டிகிரி ஆனால், கோட்டைத் தாண்டும்போது பந்து தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் ஃபுல்டாஸாகப் போகும். 4 டிகிரி ஆனால் சுமார் 1.7 மீட்டர் முன்னாடியே குத்தி, பேட்டுக்கு வாகாக எழும்பும். இரண்டுமே சிக்ஸர்தான்! ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்து ராவிய நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரை மில்லிமீட்டர் அதிகமாக ராவினால் ஜாப் போச்சு, மறுபடி முதலிலிருந்து. ஓடி வந்து, களைத்துப்போய், கடைசி ஓவரில், ஆயிரக்கணக்கான பேர் கத்தும்போது, அந்த ஒரு டிகிரிக்குள் நிற்பதுதான் நடராஜனின் வித்தை.

யாரும் எண்ணாத வருஷங்கள்

2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடினார். உடனே பேரிடி! பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார். வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. பழகிய கையை மறந்துவிட்டு, புதுசாக வீசக் கற்றுக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் அதோடு ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்! அவர் கையைத் திருத்திக்கொண்டார். 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காக அவர் போட்ட யார்க்கர்கள் ஊர் பூரா பேசப்பட்டன.

2017-ல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஆனால் 6 ஆட்டத்தில் 2 விக்கெட்தான். அடுத்து ஹைதராபாத் எடுத்தது 40 லட்சத்துக்கு. 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒரு சீசன்

2020. கொரோனாவால் ஐ.பி.எல். ஐக்கிய அரபு நாடுகளில் நடந்தது. எனக்கு அப்போது பள்ளிக்கூடம் மூடியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் போனில் நாங்கள் ஆறு பேர் குனிந்து பார்ப்போம். அந்த சீசனில் 16 ஆட்டங்களில் 16 விக்கெட் எடுத்தார். அறுபதுக்கும் மேல் யார்க்கர் போட்டார். நவம்பர் 6-ஆம் தேதி அபுதாபியில், அரை சதம் தாண்டி நின்ற டிவில்லியர்ஸின் ஸ்டம்பை ஒரு யார்க்கர் பேர்த்தபோது நாங்கள் போட்ட சத்தத்தில் போனே கீழே விழுந்தது!

அதற்குப் பிறகு ஆஸ்திரேலியா. வலைப் பயிற்சிக்குப் பந்து போடத்தான் போனார். மற்றவர்களுக்கு அடிபட, வாய்ப்பு வந்தது. டிசம்பர் 2-ல் ஒருநாள் போட்டி, டிசம்பர் 4-ல் டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். அந்த ஆட்டத்தை வென்று இந்தியா தொடரையும் 2-1 என்று வென்றது.

கதை இதோடு முடிந்திருந்தால் சினிமா. முடியவில்லை. 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன் விடாமல் காத்து வெற்றி வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதமே முழங்காலில் அறுவை சிகிச்சை. மறுபடி முதலிலிருந்து! 2024 ஐ.பி.எல்.லில் 19 விக்கெட் எடுத்தார். அந்த வருஷ ஏலத்தில் டெல்லி 10.75 கோடிக்கு வாங்கியது. இதற்கு நடுவில், 2023-ல் தன் ஊரிலேயே பிள்ளைகளுக்காக ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டித் திறந்துவிட்டார்.

இதை ஏன் எழுதினேன்?

எங்கப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலி. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதல் செமஸ்டரில் கணக்கில் ஃபெயில். தமிழ் மீடியத்தில் படித்து வந்த எனக்கு வகுப்பில் பாதி புரியவில்லை. "படிப்பு நமக்கு ஒத்து வராதுப்பா, நானும் உப்பளத்துக்கே வந்துடுறேன்" என்று சொன்னேன். அப்பா திட்டவில்லை. "போன வருசம் கோடை மழையில பாத்தியில இருந்த உப்பெல்லாம் கரைஞ்சு போச்சே, நான் வூட்ல குந்திக்கினா இருந்தேன்? சேத்தை வாரிட்டு, மறுபடி மிதிச்சு, மறுபடி தண்ணி கட்டல?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த தடவை பாஸ். மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள்! ஆனால் அந்தக் கணக்கு தெரியாமல் மேலே உள்ள 3 டிகிரியை நான் கண்டுபிடித்திருக்க முடியாது.

நண்பர்களே! நாம் பார்த்தது 2020-ஐ. அவரை ஆளாக்கியது கையைத் திருத்திக்கொண்ட 2015-ம், பெஞ்சில் உட்கார்ந்திருந்த 2018-ம், 2019-ம். அரியர் வைத்திருக்கும் தம்பிகள் யாரும் டி.சி. வாங்க ஆபீஸ் பக்கம் போக வேண்டாம். சாயங்காலம் ஒர்க்ஷாப் பின்னாடி வேப்பமரத்தடிக்கு வாங்க. தெரிந்த கணக்கைச் சேர்ந்து போடுவோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் பந்தும் எடுத்து வாங்க!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை